ஆடிக்கொண்டே இருக்க வேண்டிய தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? தையல் மிஷினை விட்டு அவ்வப்போது எழுந்து நட. நான் நன்றாகவே இருக்கிறேன். கால்தான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன். ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து நான் வளர்க்கும் மிளகளவு மூளை உருண்டைகள் நினைவிருக்கிறதா? "வரும்போது எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாடி, இருக்கிறது தேஞ்சுபோச்சு" என்றாயே, அவைதான். அவை இருக்கும் தட்டு எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு வாரம் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, அவற்றுக்கு ஊட்டத் திரவம் மாற்றுவதற்காக ஆட்டத்தை நிறுத்தினேன். மாற்றிவைத்த கையோடு வெளியே ஓடிவிட்டேன். சுவிட்சைப் போடவே இல்லை. திங்களன்று பார்த்தால் நான்கு மாத உழைப்பு ஒரே கட்டியாகக் கிடந்தது.

"அப்படி என்னம்மா அவசரம்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"மறந்துட்டேன் சார்" என்றேன்.

அவர் திட்டவில்லை. முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார். அதனால் இந்த வருடம் ஊருக்கு வர முடியாது. அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

இரண்டு கைக்குட்டை தைத்து அனுப்பு. இங்கேயும் கடையில் கிடைக்கும்தான், இருந்தாலும் அனுப்பு.

அலாரம் அடிக்கிறது, தட்டைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது; அன்று கதவுக்கு வெளியே வைத்திருந்த என் போன் அடித்தது, கூப்பிட்டது நீதான். அதற்காக வெள்ளிக்கிழமை கூப்பிடுவதை நிறுத்திவிடாதே அம்மா. ஐந்து மணிக்குப் பதில் ஆறு மணிக்குக் கூப்பிடு. நான் ஐந்திலிருந்தே கதவருகில் நிற்பேன்.

உன் மகள்