மூன்றாம் குழிக்குள் இரண்டு போத்தல்

ஆவணி 9, திங்கள்
இந்தச் சாமத்தில் எழுதுவதற்குக் கோவிக்க வேண்டாம். பகலில் கை ஒழியவில்லை. எழுதி முடிந்ததும் இந்தக் கொப்பியைக் கோலாலம்பூருக்கு உங்களுக்கு அனுப்புவேன், அல்லது அடுப்பில் வைப்பேன்.

சோளகக் காற்று, மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் அடியில். எங்கள் பிள்ளைக்கு ஐந்தாம் நாளாக வயிற்றாலை போகிறது. கண் குழி விழுந்துவிட்டது.

கிணற்றடியில் உங்கடை அண்ணையைக் கேட்டேன். "அத்தான், உங்கடை புதுக் கக்கூசு கட்டின பிறகுதான் இது."

"இஞ்சை பார் பிள்ளை, பட்டினசபையிலை ஊர்க் கக்கூசெல்லாம் பாக்கிற ஓவசியர் நான். எனக்குப் படிப்பிக்கிறியோ? உது கொலிச்சிலை இங்கிலிஷ் படிச்சவளின்ரை பால். அதுதான் செமிக்கேல்லை."

அவர் மனைவி, மச்சாள், சிரித்தா. சிரித்ததை எழுதி வைக்கிறேன்.

செவ்வாய்
பிள்ளைக்கு மூன்று முறை. கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தேன்.
வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணை கக்கூசு காட்டுகிறார். வாளியும் இல்லை, மல வண்டிலும் இல்லை. முதல் தொட்டியில் கழிவு அடையும், கிருமி தின்று கரைக்கும். இரண்டாவதில் கல்லும் கரியும், வடிக்க. மூன்றாவது வெறும் குழி, மிச்சத் தண்ணீர் நிலத்துக்குள். "வாறது இளநீர் மாதிரி."
குடித்துக் காட்டச் சொல்லவேண்டும்.

புதன்
"பொழுது போகேல்லை" என்று மச்சாளிடம், அண்ணை கக்கூசு கட்டப் பார்த்த இங்கிலிஷ் புத்தகத்தை வாங்கினேன். கடைசி அதிகாரத்தின் தாள்கள் ஓரம் ஒட்டியபடி வெட்டாமலே கிடந்தன; அவர் அதை வாசிக்கவேயில்லை. கத்தியால் வெட்டி வாசித்தேன். சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணற்றுக்குக் கிட்ட அந்த மூன்றாம் குழி கூடாதாம். கல்லிடுக்கால் அப்படியே ஓடிவிடுமாம். எங்கள் ஊர் முழுக்கச் சுண்ணாம்புக்கல். இரண்டு வீட்டுக்குமான பங்குக் கிணறு குழியிலிருந்து முப்பது அடி தூரத்தில்.

வியாழன்
வாசித்துக் காட்டினால் "உனக்குப் பிழையாய் விளங்கியிட்டுது" என்பார். ஞாயிறு அவர் மகளைப் பெண் பார்க்கக் கரவெட்டியிலிருந்து மாப்பிள்ளை பகுதி வருகிறது. நல்லது.
மண்ணெண்ணெய், இரண்டு போத்தல். முதல் தொட்டியில் ஊற்றினால் மேலே மிதந்து அங்கேயே நிற்கும். ஆகவே மூன்றாம் குழிக்குள் ஊற்றினேன். பின்னால் நாலு வாளி தண்ணீர்.
பிள்ளைக்கு இனிக் கோயில் கிணற்றுத் தண்ணீர், கொதிக்கவைத்து.

சனி
கிணற்றில் மணம், லேசாக. மச்சாள் வாளியைச் சாம்பலால் தேய்க்கிறா. "ஆரோ விளக்குக் கையோடை தொட்டிருக்கினம்." நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போனேன்.

ஞாயிறு
மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு மிடறு குடித்துச் செம்பை வைத்தார். "மண்ணெண்ணெய் மணக்குது."
நான் வேலியின் இடைவெளிப் பொட்டால் அவர் வீட்டுக்குள் போனேன். "ஓம் ஐயா. வியாழக்கிழமை அத்தானின்ரை கக்கூசுக் குழிக்குள்ளை நான் ஊத்தினது. கிணத்துக்கு வந்திட்டுது. மற்றதும் அப்பிடித்தான் வருது."
எல்லாச் செம்பும் கீழே. வண்டில் பூட்டினார்கள்.
அறைக்குள் மகள் அழுதது கேட்டது. அவளுக்காக மட்டும் வருத்தம். அண்ணைக்கு இது போதாது.

திங்கள்
பிள்ளைக்கு இன்று ஒருமுறைதான். கஞ்சி குடித்தான்.
அண்ணை குழியை மூடவில்லை. கிணற்றைச் சுற்றிக் கிடுகு வேலி அடைக்கிறார், எங்கள் பக்கத்தையும் சேர்த்து. "பங்கோ? காணி உறுதியைக் கொண்டுவந்து காட்டு."
பாதிக் கிணறு உங்கள் பெயரில் என்று காட்டினால் பட்டினசபையைக் கொண்டே அந்தக் குழியை மூடுவிப்பேன், அவர் கையாலேயே. அந்த உறுதிப் பத்திரம் எந்தப் பெட்டியில்? நாளை காலைத் தபாலில் இதைப் போடுகிறேன். கெதியாய்ப் பதில் எழுதுங்கோ.