பிள்ளையோடு பங்கருக்கு இறங்குதல்

12.5.92 செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. முற்றமெல்லாம் புழுதி. கொடியில் காய்ந்த பிள்ளை ரூபனின் துணிகள் பக்கத்துத் தோட்டத்துக்குள் பறக்க, மச்சாள் ஓடிப்போய்ப் பொறுக்கினா. நான் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு. இப்ப என் வேலை அதுதான்.

இடக்கை எழுத்து, கோழி கிளறின மாதிரி. எனக்கு விளங்கினால் போதும். மண்ணெண்ணெய் மட்டு. சுருக்கமாக எழுதவேணும்.

கிளினிக்கிலிருந்து மிஸ் வந்தா. சைக்கிளில். படிப்பின் பெயர் தொழில்வழிச் சிகிச்சையாம். தையலோ பாய் இழைக்கவோ பழக்கப்போறா என்று நினைத்தேன். இல்லை. மருந்தும் இல்லை. முதல் கேள்வியே: "வதனி, வீட்டிலை உங்களாலை செய்ய ஏலாமக் கிடக்கிறதிலை எது மனசைக் கூட அறுக்குது?"

மச்சாள் முந்திக்கொண்டு: "தலை வாரி இழுக்க ஏலாது மிஸ். சீலை உடுக்க ஏலாது. எல்லாம் நான்தான் செய்து விடுறன்."

நான்: "குண்டு போடப் பொம்பர் வந்தால் ரூபனை முற்றத்துப் பங்கர்க் குழிக்குள்ளை கொண்டுபோக ஏலாது."



பிள்ளை பிறந்த அன்றே பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, வலப்பக்கம் பாரிசவாதம். கால் இழுத்து இழுத்தென்றாலும் நடக்கும். கை சும்மா தொங்குது. ரூபன் இப்ப தவழுறான். அன்று தொடக்கம் அவனுக்கும் எனக்கும் எல்லாம் மச்சாள்தான். இவரின் அக்கா. நெல்லியடியில் வீட்டையும் மனுசனையும் விட்டிட்டு வந்து நிற்கிறா. பிள்ளை இல்லாதவ. அவவும் எத்தனை நாளைக்கு நிற்கிறது? வாற ஞாயிறு விட்டு மற்ற ஞாயிறு போகிறா. ரூபனையும் கொண்டு. "நீ தேறுமட்டும்தானே பிள்ளை," என்கிறா.

இவரிடம் சொன்னேன், ரூபனை விடவேண்டாம் என்று. "நான் சங்கக்கடை வேலைக்குப் போனால் நீர் தனிய. அந்த நேரம் பொம்பர் வந்தால்?" என்றார். பிறகு வழமைபோல: "நீர் ஆறுதலா இரும்."

ஆறுதலாக இருந்து இருந்து மூச்சு முட்டுது.

14.5 வியாழன்

துணி தோய்க்கிற சவுக்காரம் முடிந்தது. இவர் வேலை செய்யிற கடையிலும் சவுக்காரம் இல்லை.

மிஸ் என் பழைய நூல் சீலை ஒன்றைக் கேட்டா. குறுக்கே மடித்து, முடிச்சுப் போட்டு, தோளில் மாட்டுகிற ஏணை. முடிச்சு அவிழ்க்கக்கூடாது, அப்படியே கட்டிலடி ஆணியில் தொங்கவேணும். தலையை உள்ளே விட்டு, கட்டிலில் இருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் குனிந்து, இடக்கையால் அவனை உள்ளே தள்ளி, நிமிருவது. முதலில் தலையணையை வைத்து. தலையணை விழுந்துகொண்டே இருந்தது.

"தலையணை அழாது, பயப்பிடாதேங்கோ."

சிரிப்பு வந்தது எனக்கு. எத்தனை மாதத்துக்குப் பிறகு.

இடக்கையால் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனா. மத்தியானம் சோற்றுக் கோப்பையை என் பக்கம் இழுத்தேன். மச்சாள்: "சீ, இடக்கையாலையோ? வாயைத் திற பிள்ளை." ரூபனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். ஒரே கோப்பை. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், தன்னைப்போல இன்னொன்று என்று.

வாயைத் திறந்தேன். வேறென்ன.

18.5 திங்கள்

சனி, ஞாயிறு முழுக்க ரூபனை வைத்தே பழகினேன். விழவில்லை. அவனுக்கு அது விளையாட்டு, என் கழுத்துச் சங்கிலியைச் சப்பிக்கொண்டு கிடப்பான்.

இன்று மச்சாள்: "சரி, பங்கருக்குள்ளை இறங்கிக் காட்டு பாப்பம்."

மிஸ் சொன்ன மாதிரியே. மண்படியில் கூடாத கால் முதல், நல்ல கால் பிறகு. இடத்தோள் மண்சுவரோடு. இருட்டு, ஈர மண், தலைக்கு மேலே பனங்குத்தி. அடியில் நின்று கூப்பிட்டேன்: "வந்திட்டன் மச்சாள்."

மேலிருந்து: "சரி. இனி ஏறு."

ஏற முடியவில்லை.

நல்ல காலை வைத்தால் மற்றது வரவில்லை. ரூபனின் பாரம் முன்னுக்கு இழுக்குது. கையால் அவனைப் பிடிப்பதா, சுவரைப் பிடிப்பதா? சுவரிலும் பிடிக்க ஒன்றும் இல்லை. அவன் அழத் தொடங்கினான். கடைசியில் மச்சாள் இறங்கி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனா. மேலே போனதும் அழுகை நின்றது. பிறகு வந்து என்னை இழுத்தெடுத்தா. என் சீலையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டா. திட்டியிருந்தால் நல்லம்.

பின்னேரம் குசினி அடுப்படியில் கேட்டது:

"ரெண்டும் உள்ளுக்கை கிடந்து சாகவோ தம்பி? நான் பிள்ளையைப் பறிக்க வரேல்லை."

"ஓம் அக்கா."

20.5 புதன்

வெயில். கால் வீக்கம்.

நடந்ததை மிஸ்ஸிடம் சொன்னேன். "இறங்கிறதை மட்டும் யோசிச்சிட்டன் வதனி. பொம்பர் போனால் ஏறத்தானே வேணும்." நானும்தான் யோசிக்கவில்லை. இந்த ஊரில் எல்லாருக்கும் உள்ளே போவது மட்டும்தான் நினைப்பு.

தன் வலக்கையைச் சீலைத் தலைப்பால் வயிற்றோடு கட்டி, என் ஏணையில் தலையணையைப் போட்டுக்கொண்டு தானே இறங்கினா. பிறகு பின்பக்கமாக வந்தா. படியில் குந்தி, முகம் உள்பக்கம், இடக்கையைப் பின்னுக்கு மேல்படியில் ஊன்றி, நல்ல காலால் உதைத்து, அடுத்த படிக்குப் பின்புறத்தைத் தூக்கி. பிள்ளை மடியிலேயே கிடக்கும், பாரம் இழுக்காது.

மச்சாள் சிரிப்பை அடக்க ஏலாமல் உள்ளே போனா. போகும்போது: "சீலை என்னத்துக்கு ஆகும்?"

"சீலை தோய்க்கலாம் அக்கா," என்றா மிஸ், முடியெல்லாம் மண்.

எதால் தோய்க்கிறது? சவுக்காரம் எங்கே?

பிறகு நான். தலையணையோடு. பாதியில் களைத்து அழுதேன். மிஸ் தூக்கிவிடவில்லை.

22.5 வெள்ளி



மச்சாள் பிள்ளையார் கோயிலுக்கு. இவர் கடையில். ரூபன் கட்டிலில் நித்திரை. பொம்பர்ச் சத்தம்.

ஆணி. ஏணை. தலை. குனிந்து அவனைத் தள்ளினேன், எழும்பிக் கத்தினான். மேசையில் கிடந்த வாழைப்பழம் எப்படி என் கைக்கு வந்தது தெரியாது. முற்றத்தைக் கடந்ததும் நினைவில்லை. படி மட்டும் நினைவு. கூடாத கால், நல்ல கால்.

குண்டு எங்கேயோ மானிப்பாய்ப் பக்கம் விழுந்தது. மேலிருந்து மண் கொட்டியது, அவன் தலையைக் குனிந்து மூடினேன். பழத்தைப் பல்லால் உரித்து இடக்கையால் அவன் வாயில் தீத்தினேன். உள்ளுக்குள் யார் பார்க்கிறது? தின்றான். என் விரலையும் சேர்த்துக் கடித்தான். ரூபன் பிறந்து இன்றுதான் நானும் அவனும் மட்டும்.

சத்தம் அடங்கியது. குந்தினேன், கையை ஊன்றினேன், உதைத்தேன். பாதிப் படியில் மேலே நிழல். மச்சாள். ஓடிவந்த மூச்சு, அழுத முகம், இரண்டு கையும் நீட்டி: "தா பிள்ளையை. தா."

ரூபனும் அவவிடம் தாவினான். கொடுத்தால் லேசு.

"பொறுங்கோ மச்சாள்."

நீட்டிய கை நீட்டினபடி நின்றா. நான் ஏறி முடித்து, முற்றத்து மண்ணில் குந்தி, பிறகு நானே ஏணையை விலக்கிக் கொடுத்தேன். வாங்கி அவன் காதுக்குள் இருந்த மண்ணைத் துடைத்தா.

24.5 ஞாயிறு

காற்று கூட. மாமரத்துக் கிளை ஒன்று முறிந்தது.

மத்தியானம் மச்சாள் சோற்றைக் குழைத்து, கோப்பையை எனக்கு இடப்பக்கம் வைத்தா. ரூபனின் கிண்ணத்தையும் அதற்குப் பக்கத்தில். கிணற்றடிக்குப் போனா. திரும்பி வரக் கன நேரம்.

பின்னேரம் மச்சாள் கட்டினது பை ஒன்றுதான். தன்னுடையது. ரூபனின் துணிகள் கொடியிலேயே. வாசலில் ரூபனைக் கொஞ்சிவிட்டு என்னிடம்: "ஆணியிலை கிடக்கிறதை வேறை எங்கையும் வைச்சிடாதை."

இவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நெல்லியடிக்கு. இருட்டினால் நாளைக்குத்தான் திரும்புவார். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர்.

ரூபன் வாசல் படலையைப் பார்த்துப் பார்த்து அழுதான். என்னிடம் வர மாட்டேன் என்று முதுகை வளைத்தான். இப்பதான் நித்திரை. கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு இவ்வளவு பயம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஏணையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஹெலிகொப்டர்ச் சத்தம் போலக் கிடக்குது. வருகுதா, போகுதா தெரியவில்லை. வெளிச்சம் மேலே தெரியும், விளக்கை நூர்க்கவேணும்.