பச்சைக் கோடும் முள் மீட்டரும்

காஜா பேராங், மலாக்கா
30-8-1957

என் அப்புக்குட்டி,

நேற்று உனக்குக் கருமாதி முடிந்தது. நீ இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதி உன் மேசை டிராயரில் வைக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மூணாம் வகுப்புதான்.

உன்னைக் கொண்டுபோன அந்த ரேடியோவை யாரும் தொடவில்லை. மெர்டேக்கா சுதந்திர அறிவிப்பைக் கேட்கணும் என்று அதை ரிப்பேருக்குக் கொடுத்து அவசரப்படுத்திய பொன்னுதுரை, வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார். சுவிட்சை அணைத்த ரேடியோவில் எப்படிக் கரண்டு அடிக்கும் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

கோகிலா உன் ரேடியோ ரிப்பேர்க் கடையைத் திறக்கப் போகிறாளாம். "நீயும் போய்ச் சேரவாடி?" என்றேன். "அவரு பக்கத்துல உக்காந்து ரெண்டு வருசம் கத்துக்கிட்ட வேலை, அத்தை. வேற என்னா தெரியும் எனக்கு?" என்கிறாள். உன் பெண்டாட்டி என் பேச்சை எப்போது கேட்டாள்?

கருவி விற்கும் சிங்கப்பூர்க்காரர் பழகிப் பார்க்கக் கொடுத்த இரண்டும் மேசையில் இருக்கின்றன. ரேடியோவில் ஓடும் சத்தத்தைப் பச்சைக் கோடாகக் காட்டும் கண்ணாடிப் பெட்டி, கரண்டை அளக்கும் முள் மீட்டர். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஏழாம் தேதி வருகிறார். எது வேண்டும் என்று சொல்லாமலே போய்விட்டாயே.

உன் அம்மா
சிவகாமி

2-9-1957

அப்புக்குட்டி,

கோகிலாவுக்குக் கண்ணாடிப் பெட்டிதான் வேண்டுமாம். எனக்கும் அதுதான் ஆசை. அந்தப் பச்சைக் கோட்டை அசையாமல் நீ நிறுத்துவாய். பட்டம் செய்கிற மெல்லிசுக் காகிதத்தைக் கண்ணாடி மேல் வைத்து நான் பென்சிலால் வரைவேன். "எங்கம்மா கைக்கே டிகிரி குடுக்கலாம்" என்பாய். அந்தக் காகிதமெல்லாம் கட்டிவைத்தபடியே இருக்கிறது.

மெர்டேக்கா அன்று தெரு முழுக்க நீ பழுது பார்த்த ரேடியோக்கள் பாடின. நான் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

அம்மா

6-9-1957

அப்பு,

உஜோங் பாசிர் ரேடியோக்காரர் மாணிக்கவாசகம் துக்கம் விசாரிக்க வந்தார். எதை வைத்துக்கொள்வது என்று கோகிலா கேட்டாள்.

"கோடு படுத்துடுச்சுன்னா சத்தம் ஓடலைன்னுதாம்மா அர்த்தம். சுவிட்சை அணைச்ச பின்னாடியும் உள்ள தேங்கி நிக்கிற கரண்டு இருக்கே, அதை இந்தப் பெட்டி காட்டாது. அதுக்கு முள்ளைத்தான் பாக்கணும்" என்றார்.



நீ போன அன்றைக்கு, பொன்னுதுரை ரேடியோ மேல் குனிந்தபடியே, "கோடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய். "படுத்துக்கிச்சுடா" என்றேன். கையை உள்ளே விட்டாய்.

இதைக் கோகிலாவிடம் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் துணியில் சுற்றிக் கட்டிவிட்டேன். நாளைக்கு அதுதான் போகும். "நீங்கதானே அத்தை ஆசைப்பட்டீங்க? இப்ப என்னா வந்துச்சு?" என்று சண்டைக்கு வந்தாள். முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

முள் மீட்டரும் அன்று பக்கத்தில்தான் இருந்தது, உன் முகத்தைப் பார்த்தபடி. ஒரு வார்த்தை சொல்லடா, அப்பு. முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் கையை விட்டாயா, இல்லை, அம்மா சொன்னாள் என்று விட்டாயா?