ஃப்ரீசரில் ஐம்பத்தைந்து நிமிடம்

மதுக்கரை,
ஜூன் 9

அன்புள்ள கண்ணு சண்முகப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. சென்னிமலை முருகன் உன் உடம்புக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அம்மா காரியம் முடிந்து நீ புனே திரும்பியதிலிருந்து காலையில் ஒருமுறை சமைத்து அதையே இரவுக்கும் வைத்துக்கொள்கிறேன், கவலைப்படாதே. இதைப் போனில் சொல்ல நான்கு முறை முயன்றேன், ஒவ்வொரு முறையும் வேறு பேச்சுப் பேசி வைத்துவிட்டேன்.

என் கைதான் சரியில்லை, வரும் பதினெட்டாம் தேதி ஆராய்ச்சியை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். அம்மாவின் ரத்தத்தில் நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்து, அவற்றின் மேல்சவ்வில் பதிந்த புரதங்களை மட்டும் சோப்பு போன்ற கரைசலால் இளக்கி எடுக்க வேண்டும், செல் முன்பே உடைந்திருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கலந்துவிடும் என்று விளக்கினாய். மூன்று பங்காகப் பிரித்துச் செய்தும் கலந்தே வந்ததாம், உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடமும் அவசரக் கை என்று சொல்லிவிட்டார்களாம். கண்ணு, அதைக் கெடுத்தது நான்.

அம்மாவின் நோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தம் அது. வீட்டுக்கு வந்த நர்ஸுக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. எம் புள்ளை கைக்குப் போறதுங்க அம்மணி, எத்தனை தரம் வேணும்னாலும் குத்துங்க என்று அம்மா சிரித்தாள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன கூரியர்காரர் வரவில்லை. குளிரில் வைக்கக் கூடாது என்று நீ அனுப்பிய சீட்டை மூன்று முறை படித்து, கோடும் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் எட்டிப் பார்த்து, ஏனுங்க, இந்த வெயில்ல பாலே திரிஞ்சு போகுதுங்க, ரத்தம் தாங்குங்களா என்றார். சீட்டைக் காட்டினேன். எழுதுனவங்க நம்ம வெயிலைப் பாத்திருக்காங்களாக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிமென்ட் ஆலைச் சோதனைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுதியதை மீறாத எனக்கு, அன்று கோடு போட்ட வரியிலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஃப்ரீசரில் வைத்தேன். கூரியர்காரர் வந்ததும் எடுத்தபோது குழாயின் ஓரம் உறைந்திருந்தது; உறைந்தால் செல் உடையும் என்று அப்போது எனக்குத் தெரியாது. உள்ளங்கையில் உருட்டி இளக்கிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் நீ, நிறம் மாறியிருக்குதுங்கப்பா, ஐஸ்ல ஏதாச்சும் வெச்சீங்களா என்று கேட்டாய். சீட்டில் இருந்தபடிதான் என்றேன். அம்மா பக்கத்தில் படுத்திருந்தாள், அவள் காதில் விழ வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னதாக இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. உன்னிடம் பயந்தேன்.

இனி அவளிடம் ரத்தம் கேட்க முடியாது. நான் செய்தது திரும்பாது. ஆனால் பழக்கத்தில் டைரியில் நேரம் குறித்திருக்கிறேன், உள்ளே வைத்தது 10.40, வெளியே எடுத்தது 11.35. அந்தத் தாளைக் கிழித்து இத்துடன் வைத்து விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். இந்தக் கடிதம், அந்தத் தாள் இரண்டையும் மேடத்திடம் காட்டு, என் மரியாதையைப் பார்க்காதே.

நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. என்னோடு பேச மனம் வராவிட்டால் பேச வேண்டாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன். பதினெட்டாம் தேதி எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே, அம்மணி.

உன் அப்பா,
தம்பிதுரை