ரோசாவின் கடையில் விடுப்புப் பார்த்த கிழமை

1986 மார்ச் 4, செவ்வாய். ஈரப்பனி.

பூம்ப்ளிஸில் சினியோரா ரோசா கடையை மூடி இடத்தை வாடகைக்கு விடப்போகிறார். நூல், பொத்தான், வீட்டுச் சாமான். இத்தாலிக்காரி, கட்டிடமும் அவருடையதே. எனக்கு அந்த இடம் வேண்டும். காருக்குள் பருப்பும் மிளகாய்த்தூளும் அடுக்கி வீடு வீடாக விற்றது போதும். ஆனால் உடனே கேட்டால் வாடகை ஏறும்.

ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போனேன். சும்மா பார்க்கலாமா என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். தாராளமாக, அதற்கு எங்கள் மொழியில் 'கூரியோசாரே' என்று பெயர் என்றார். தொட்டுப் பார், திறந்து பார், கேள்வி கேள், வாங்கத் தேவையில்லை. எட்டிப் பார்த்துத் துருவுவதை நாங்கள் விடுப்புப் பார்ப்பது என்று நக்கலடிப்போம், அதை இவர்கள் மரியாதையாக வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் காலையில் முதல் ஆள் வெறுங்கையோடு வெளியேறுவதா? ஒரு நூற்கட்டை வாங்கினேன்.

6, வியாழன். வெயில்.

மறுபடி முதல் ஆள். சுவர்த் தட்டுகளைச் சாணால் அளந்தேன். பின்னறையில் தண்ணீர்க் குழாய். நிலவறை காய்ந்து கிடக்கிறது, அரிசி மூட்டைக்கு அருமை. சப்பாத்து பொலிஷ் வாங்கினேன்.

மனைவி புவனா: "இஞ்சருங்கோ, அங்க பொலிஷ் விக்கினமோ, உங்களைப் பிடிச்சு விக்கினமோ?"

8, சனி.

சைக்கிள் திருத்துபவர் ஒருவர் அங்கே நாடாவோடு சுவர் அளந்துகொண்டிருந்தார். அவருக்கும் கடை வேண்டுமாம். அன்று நான் வாங்கியது: உடுப்புக் கவ்விகள் இரண்டு டசின்.

10, திங்கள். மழை.

சினியோரா மறித்துவிட்டார். பார்ப்பதற்குக் காசில்லை, ஏன் வரும்போதெல்லாம் ஏதாவது வாங்குகிறாய் என்று கேட்டார். முதல் ஆள் சும்மா போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும், அந்தப் பழி எனக்கு வேண்டாம் என்றேன். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு முகம் மாறியது.

"நீயும் வியாபாரி. நூலுக்காக வரவில்லை. சொல்."

சொன்னேன்.

"சைக்கிள்காரர் சுவரை மட்டும் பார்த்தார். நீ எல்லாவற்றையும் கிண்டினாய். நாளைக்கு உன் வீட்டை நான் கிண்டுவேன். பிறகு பேசுவோம்."

11, செவ்வாய்.

பின்னேரம் வந்தார். சட்டி மூடிகள், அலுமாரி, கட்டிலுக்குக் கீழிருந்த மூட்டைகள், ஒன்றும் தப்பவில்லை. மிளகாய்த்தூள் டின்னுக்குள் மூக்கை விட்டார். ஒன்பது தும்மல். புவனா தண்ணீரோடு ஓடினாள். என் காதுக்குள் சொன்னாள்: "வீடு வாடகைக்கு எடுக்க வந்தவவோ?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சினியோராவும் சிரித்தார், மூக்கு சிவக்கச் சிவக்க. வடை இரண்டு சாப்பிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசினார். அறுநூற்றில் தொடங்கினார், நான் நானூற்றில்.

முடிந்தது: மாதம் ஐந்நூறு பிராங், மூன்று வருடம், ஏப்ரல் முதலாம் திகதி பூட்டின் திறப்பு கையில். தட்டுகளுக்குக் காசில்லை. கட்டிடத்துக்குள் மிளகாய் இடிக்கக் கூடாது.