என்னைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் சின்னவளும் நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் முழுதாக நம்பியது அந்த ஒரு வரியைத்தான்.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் எப்போது போகிறோம் என்று கேட்கும்போது சொல்லைவிடக் காற்றுதான் அதிகம் வருகிறது. நானும் உங்களைப் போலவே ஏதோ ஒரு சாக்குச் சொல்லிச் சமாளிக்கிறேன்.

சாக்கு என்று எழுதியதற்குக் கோபப்படாதீர்கள். தொழிற்சாலை வேலைக்காக அந்த மாநிலத்துக்குப் போனபோது, என் ஆசிரியர் உரிமத்தையும் சான்றிதழ்களையும் கையோடு கொண்டுபோனீர்கள். அங்குள்ள கல்வி அலுவலகத்தில் கொடுத்து அங்கீகாரம் வாங்கிவிட்டால் நாங்கள் வந்துவிடலாம் என்பது பேச்சு. முதலில், நம் மாநில உரிமத்தை அங்கே ஏற்கமாட்டார்கள் என்றீர்கள். பிறகு, ஏற்பார்கள், ஆனால் பயிற்சியை மறுபடி முடிக்கவேண்டும் என்றீர்கள். இப்போது அதிகாரி விடுப்பில் இருக்கிறாராம். அந்த மனிதர் எடுக்கும் விடுப்பை எங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்துகூட எடுத்ததில்லை. போனில் கேட்டால் இயந்திரச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்கிறீர்கள். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

எங்கள் கணக்கு டீச்சரும் கணவர் வேலைக்காக அந்த ஊருக்குத்தான் போனாள். இரண்டு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதாம். மறு தேர்வும் இல்லை, மறு பயிற்சியும் இல்லை. அங்கே பாடமே நடத்த ஆரம்பித்துவிட்டாள். "நீ ஏன்டி இன்னும் அங்கேயே ஒக்காந்திருக்க?" என்று போனில் கேட்டாள். நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவைத்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. உரிமத்தை அங்கீகரிக்குமுன் அந்த அலுவலகம், நாம் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியரை அழைத்து, ஆள் எப்படி என்று கட்டாயம் விசாரிக்கும். கணக்கு டீச்சருக்காக அழைப்பு வந்த அன்று ஆசிரியர் அறையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. என் விஷயம் என்ன ஆயிற்று என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். "உங்களைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே டீச்சர். மனு போட்டிருக்கீங்களா என்ன?" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆக, என் காகிதங்கள் உங்கள் பெட்டியைத் தாண்டவேயில்லை. ஏன்? வேலை போய்விட்டதா? நாலு பேரோடு ஓர் அறையில் முடங்கிக் கிடக்கிறீர்களா? அப்படியானால் சொல்லுங்கள், சேர்ந்து சமாளிப்போம். இன்னொரு காரணமும் மனதில் ஓடுகிறது. அதை எழுதக் கை வரவில்லை. அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதே என்று போன கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தீர்களே, அதுதான் உறுத்துகிறது.

கல்லூரியில் சான்றிதழ்களின் நகலும் இங்குள்ள கல்வி அலுவலகத்தில் உரிமத்தின் நகலும் வாங்கி, நானே நேரடியாக விண்ணப்பித்துவிட்டேன். இன்று காலை தலைமையாசிரியைக்கு அந்த அழைப்பு வந்தது. நல்லபடியாகச் சொன்னாராம். இனி உங்கள் அதிகாரி விடுப்பிலேயே இருக்கட்டும்.

வெயிலில் அலையாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். பள்ளி விடுமுறை விட்டதும் சின்னவளோடு வருகிறேன். நான் பார்க்கக்கூடாதது அங்கே ஏதாவது இருந்தால், கிளம்புமுன் நீங்களே எழுதிவிடுங்கள். எப்போதும் அவள்தான் முதலில் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவாள்.

இன்றுவரை உங்கள்
மனைவி