மிலுதின் சாவு நோட்டீஸ்ல என் பேரு

கண்ணு நெவெனாவுக்கு அப்பா எழுதறது. எனக்குப் பொறாமைன்னு சொல்லிட்டு போனை டக்குனு வச்சிட்டியே, மிச்சத்தை யாரு கேக்குறது, அதான் எழுதறேன். மெல்பர்ன்ல நீயும் பேரப்புள்ளைங்களும் சுகந்தானே, இங்க நோவி சாத்ல அம்மாவுக்கு முட்டிவலியும் எனக்கு நீ சொன்ன பொறாமையும் தவிர எல்லாம் சௌக்கியம்.

பொறாமைதான், இல்லேங்கல. லைப்ரரி செவுத்துல அந்த மொட்டைத்தலைப் பசங்க ஹிட்லர் சின்னத்தைக் கிறுக்கிட்டுப் போனப்ப அழிச்சது யாரு? நாப்பது வருஷம் பெயிண்டரா இருந்த உங்கப்பன், ரெண்டு கோட்டு, அடியில துளி தெரியாம. எதுத்த வீட்டு மிலுதின் வாத்தியார் ஏணியைப் பிடிச்சாரு, அவ்வளவுதான். டிவிக்காரன் மைக்கை அவர்கிட்டதான் நீட்டினான், படிச்ச மனுஷன் பாரு. மூணு தடவை காட்டினான், நானும் வந்தேன், முழங்காலு வரைக்கும். அப்புறம் ஒரு கட்சிக்காரர் வந்து அந்தப் பசங்க நடத்தப்போற ஊர்வலத்தைத் தடை பண்ணணும்னாரு, மறுநாளு அதே கட்சியில இன்னொருத்தர் வந்து வழிதவறின புள்ளைங்கன்னாரு. ரெண்டு பேரும் குடிச்சது மிலுதின் வீட்டுக் காபி. என் பிளம் சாராயத்தைச் சீந்த ஆளில்ல.

செவ்வாக்கிழமை காலைல ரொட்டி வாங்கப் போறேன், தெருவுல ஒரு மரம் கம்பம் பாக்கியில்லாம சாவு நோட்டீஸ். கறுப்புக் கட்டம் கட்டி, உயிரோட இருக்கிற மிலுதின் போட்டோ. செத்த தேதி வர்ற ஞாயித்துக்கிழமை, ஊர்வலம்னு அவனுங்க சொல்லியிருக்கிற அதே நாளு. கீழ துக்கப்படுறவங்க பேரு போடற எடத்தை வெறுமனே விட்டிருந்தானுங்க, உனக்குன்னு யாருமில்லடான்னு அர்த்தம். பொண்டாட்டி போன தனிக்கட்டை, படிச்சவரு உள்ள போய்த் தாப்பாப் போட்டதுதான், ஜன்னல்கூடத் திறக்கல. நீ சிரிப்பே, எனக்கு முதல்ல வந்தது பயமில்ல, எரிச்சல். ஏணி பிடிச்சவனுக்கு நோட்டீஸு, பெயிண்ட் அடிச்சவனுக்கு ஒண்ணுமில்லையா? உன் பெரியப்பாவை ஹிட்லர் கூட்டாளிங்க டானூப் ஆத்துப் பனிக்கடியில தள்ளினப்ப எனக்கு ஒன்பது வயசு, எனக்கில்லாத உரிமையா? அவர் வாசல் மரத்து நோட்டீஸ்ல அந்த வெத்து எடத்துல என் பேரை வீட்டு நம்பரோட எழுதினேன். கதவைத் தட்டி, வாத்தியாரே, சாவுலயும் முந்திக்கப் பாக்காதீருன்னு கத்தினேன். கதவு திறக்கல. சாயங்காலம் பாத்தா என் பேருக்குக் கீழ ரொட்டிக்கடைக்காரி, பஸ் ஓட்டுற லாஸ்லோ, இன்னும் பதினஞ்சு பேரு. ரொட்டிக்கடைக்காரி எழுத்து என்னோடதைவிடப் பெருசு, அதுலயும் எனக்கு வயித்தெரிச்சல்.

உங்கம்மா தேசான்கா மட்டும் ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா. வீட்டு நம்பரை எதுக்குய்யா எழுதினே, அந்தப் பசங்களுக்கு வழி காட்டுறியான்னு. அவ காதுல விழட்டும்னுதான் இதைச் சத்தமா படிச்சுக்கிட்டே எழுதறேன். இப்ப எழுந்து கோட்டை மாட்டுறா. பேனாவைக் குடுங்குறா. இரு, கடுதாசியை முடிச்சுக்கிறேன்னா

இது பென்சில். பேனாவைப் பிடுங்கிட்டு, வீட்டு நம்பரைப் போட்டவனுக்கு வீட்டுக்காரி பேரைப் போடத் தெரியலையான்னு கேட்டுட்டு, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள போயிட்டா. ஜன்னல்ல பாக்குறேன், மரத்துகிட்ட நின்னு எழுதறா. மிலுதின் கதவு திறக்குது. நான் தட்டினப்ப திறக்காத கதவு, பாத்துக்கோ.

புள்ளைங்களுக்கு என் முத்தம், நோய்நொடி இல்லாம நூறு வயசு இருங்க. ஞாயித்துக்கிழமை பகல்ல போன் பண்ணாதே, நாங்க மூணு பேரும் வீதியில இருப்போம்.

உன் அப்பன்
திஹோமிர், செவுத்தை அழிச்சவன்